ஆற்றில் ஆகாயத்தாமரை அகற்ற அரசுப் பணம் வாங்குவது எப்படி: குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு

ஆறு முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிறது, யாரிடம் போய்ச் சொல்வது, பணம் எங்கிருந்து வரும் என்று நம்ம மாவட்டத்தில் கேட்காத ஆள் இல்லை. பழையாற்றங்கரையில் கேட்கிறார்கள், குழித்துறை தாமிரபரணி பக்கம் கேட்கிறார்கள், ஏ.வி.எம். கால்வாய் ஓரத்தில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். பணம் இருக்கிறது. ஆனால் ஆகாயத்தாமரைக்கென்று தனித் தலைப்பில் எந்த அலுவலகத்திலும் இல்லை. தூர்வாருதல், கால்வாய்ப் பராமரிப்பு, வெள்ள முன்னெச்சரிக்கை, ஈரநிலப் பாதுகாப்பு, நூறு நாள் வேலை என்று வேறு வேறு பெயர்களில் கிடக்கிறது. நம்ம ஊர் வேலை அதில் எந்தப் பெயருக்குள் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை.

மீதிப் பாதியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை வாரி எடுக்கப் பணம் வாங்கிவிடலாம், அது அவ்வளவு கஷ்டம் இல்லை. தேர்தல் வருடமோ, திருவிழாவோ, பாலத்தில் தண்ணீர் முட்டியதோ, ஏதோ ஒரு காரணத்தில் பொக்லைன் வந்துவிடும். எடுத்ததில் மிச்சம் நிற்கும் நாலு செடி அடுத்த மழைக்குள் ஆற்றை மறுபடி மூடிவிடும். அதனால் மனு எழுதும்போதே அகற்றும் செலவையும், அதற்கடுத்த மூன்று வருடக் கண்காணிப்புச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

முதலில் என்ன செடி என்று பாருங்கள்

தண்ணீரில் மிதக்கும் ஆகாயத்தாமரை ஒன்று. அமேசான் பக்கத்திலிருந்து வந்தது, சாக்கடையும் உரத் தண்ணீரும் கலந்த இடத்தில் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகும். பூத்து விழும் விதை சேற்றில் இருபது வருடம் வரை உயிரோடு கிடக்கும். அதனால்தான் மேலே மட்டும் வாரினால் போதாது என்கிறேன். மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஆப்பிரிக்கன் பாயலும் உண்டு, சின்ன இலை, மடிந்து மடிந்து பாய் மாதிரிப் படரும். கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கு, கம்யூனிஸ்ட் பச்சை, உண்ணிச்செடி, கிழக்கே வறண்ட பக்கத்தில் சீமைக் கருவேலம். இவை ஒவ்வொன்றையும் எடுக்கும் முறை வேறு, செலவு வேறு. மிதக்கும் செடிக்கு ஆளும் கொக்கியும் தோணியும் போதும், அடர்ந்துவிட்டால் நீளக் கை பொக்லைன் வேண்டும். காட்டாமணக்கின் ஒடிந்த தண்டு ஈரத்தில் விழுந்தாலே வேர் பிடிக்கும், அதை வெட்டி ஆற்றில் தள்ளினால் கீழ்ப்பக்கத்து ஊருக்குக் கன்று நட்டுக் கொடுத்தது போலத்தான். கருவேலத்தை வேரோடு பிடுங்காவிட்டால் வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும்.

இன்னொரு பக்கம், தாமரை, ஆம்பல், நாணல், கோரை, தாழை இவற்றைக் களைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். தாழையும் நாணலும் கரை மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன, மீனும் பறவையும் அதை நம்பி இருக்கின்றன. 'ஆற்றிலுள்ள செடிகளை அகற்றுதல்' என்று மொட்டையாக எழுதினால் ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் வழித்து எடுத்துக் கரையை மொட்டையாக்கிவிடுவார், அதற்கும் பில் போடுவார். செடியின் பெயரை எழுதுங்கள், எதைத் தொடக்கூடாது என்பதையும் எழுதுங்கள்.

இடம் யாருடையது

மனு கிடப்பில் விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஊராட்சியில் கொடுத்தால் இது எங்களுடையது இல்லை என்பார்கள், நீர்வளத் துறையில் கொடுத்தால் கரை வருவாய்த் துறையுடையது என்பார்கள். அதனால் மனுவுக்கு முன்னாலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அந்த இடத்தின் சர்வே எண்ணையும், கிராமத்து நில விவரம் எழுதியிருக்கும் அ-பதிவேட்டில் என்ன வகைப்பாடு என்று இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆற்றுப் புறம்போக்கா, கால்வாய்ப் புறம்போக்கா, குளமா, பட்டாவா. அந்த நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகல் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

பொதுவாக பழையாறு, கோதையாறு, சானல்கள் என்று நாம் சொல்லும் பாசனக் கால்வாய்கள், அவை நிரப்பும் குளங்கள் நீர்வளத் துறை பொறுப்பு. அனந்தனார் சானல், தோவாளைச் சானல், பட்டணங்கால் எல்லாம் இதில் அடக்கம். நாகர்கோவிலிலுள்ள கோதையாறு வடிநிலக் கோட்டச் செயற்பொறியாளர்தான் பணம் கேட்க வேண்டிய ஆள், ஆனால் மனுவை முதலில் உங்கள் பகுதி உதவிப் பொறியாளர் கையில் கொடுங்கள், மதிப்பீடு எழுதப் போகிறவர் அவர்தான். தமிழ்நாட்டின் பொது வழக்கம் 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசன வயல் பரப்பு) உள்ள குளம் ஊராட்சி ஒன்றியத்துடையது என்பது, ஆனால் நம்ம மாவட்டம் பழைய திருவிதாங்கூரிலிருந்து வந்தது, சின்னச் சின்னக் குளங்களும் சானலோடு தொடுத்துக் கிடக்கின்றன, அதனால் அளவைப் பார்த்து முடிவு செய்யாமல் பதிவேட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலே மலைப்பக்கம் வனத்துறை. மணக்குடிக் காயலின் அலையாத்திக் காட்டுப் பகுதியிலும் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதியும் வேம்பனூர் ஈரநிலத் தொகுதியும் 2022-இல் ராம்சார் தலங்களாகின, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்கள் என்று அங்கீகாரம் பெற்றன. அங்கே 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளும் சேர்ந்து வரும். இதைத் தடையாகப் பார்க்காதீர்கள், பணம் கேட்கும்போது இதுதான் உங்கள் பலம். உங்கள் சானலோ ஓடையோ அந்தக் குளங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது என்றால் அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

அளந்து எடுத்துக்கொண்டு போங்கள்

'ஆறு முழுவதும் செடி' என்று எழுதினால் எந்தப் பொறியாளராலும் மதிப்பீடு போட முடியாது. கயிறும் மூங்கிலும் இருந்தால் போதும். பாலம், மடை, படித்துறை மாதிரி அசையாத அடையாளம் இரண்டைப் பிடித்து நடுவே நீளத்தை அளந்துகொள்ளுங்கள், கைப்பேசி வரைபடத்திலும் அளக்கலாம். அகலம் இடத்துக்கு இடம் மாறும், ஐம்பது மீட்டருக்கு ஒரு தடவை எடுத்துச் சராசரி போடுங்கள். அப்புறம் மூங்கிலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் கட்டி, செடி மேல் வைத்து, சட்டத்துக்குள் இருப்பதை மட்டும் வேரோடு எடுத்து, தண்ணீர் வடியவிட்டு எடை போடுங்கள். கரையோரம் ஒன்று, நடுவில் ஒன்று, செடி மெலிந்த இடத்தில் ஒன்று எடுத்தால் சராசரி ஓரளவு சரியாக வரும்.

ஒரு கணக்கு பார்ப்போம். நீளம் 600 மீட்டர், சராசரி அகலம் 8 மீட்டர் என்றால் 4,800 சதுர மீட்டர், அரை ஹெக்டேருக்கும் கொஞ்சம் குறைவு. சதுர மீட்டருக்கு 25 கிலோ வந்தால் மொத்தம் 120 டன். டெம்போ ஒன்றுக்கு 3 டன் என்றால் 40 லோடு. இந்த 40 லோடு என்பதுதான் அதிகாரியை நிமிர்ந்து உட்கார வைக்கும். செடியை வாருவதைவிட அதைக் கொண்டுபோய்ப் போடுவதில்தான் பணம் போகிறது, அந்தச் செலவு மதிப்பீட்டில் இல்லாவிட்டால் வாரிய செடி கரையிலேயே குவிந்து கிடந்து முதல் மழைக்கு ஆற்றில் சரியும். ஆகாயத்தாமரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான், கரையில் சில நாள் காயவிட்டு ஏற்றினால் லோடு எண்ணிக்கை நன்றாகக் குறையும். அதனால் உலர்த்தும் இடம் எது, கடைசியாகக் கொட்டும் இடம் எது, அது யாருடைய நிலம், அவர் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். வாழைக்கும் தென்னைக்கும் மூடாக்காகக் கேட்பவர்கள் ஊரில் இருப்பார்கள். ஆனால் நாகர்கோவிலுக்குக் கீழ்ப்பக்கம் மாதிரி சாக்கடை கலக்கும் இடத்துச் செடியைக் காய்கறிக்கோ மாட்டுக்கோ போடக்கூடாது, தண்ணீரிலுள்ள உலோகங்களை அது இழுத்து வைத்திருக்கும்.

எந்தப் பணம் எதற்கு ஒத்துவரும்

முதலில் நூறு நாள் வேலை. கிராம ஊராட்சி என்றால் மட்டும்தான் இது. நம்ம மாவட்டத்தில் பேரூராட்சிகள் ரொம்ப அதிகம், ஆற்றின் ஒரு கரை ஊராட்சியாகவும் மறுகரை பேரூராட்சியாகவும் இருக்கும் இடங்கள் உண்டு, அதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். செடி பிடுங்குவதை மட்டும் தனி வேலையாக எழுதினால் அது நிலைக்கும் வேலை இல்லை என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். நீர்நிலை புனரமைப்பு, கால்வாய் தூர்வாருதல், கரை பலப்படுத்துதல் என்ற வேலைக்குள் செடி அகற்றுவதை ஒரு பகுதியாக வையுங்கள். ஒப்பந்தக்காரரும் இயந்திரமும் இதில் கூடாது என்பதால் ஆழமில்லாத சானலுக்கும் ஓடைக்கும் நல்லது, ஆழமான ஆற்றுக்கு வேண்டாம், அதில் ஆட்களை இறக்குவது ஆபத்து. 2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது, 125 நாள், செலவில் 40 விழுக்காடு மாநிலத்தின் பங்கு, விதைப்பு அறுவடைக் காலத்தில் வேலையை நிறுத்தி வைக்கவும் இடம் உண்டு. நீர் சம்பந்தமான வேலைகளுக்கு அதிலும் முதலிடம் இருக்கிறது. இப்போது எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுவிட்டே எழுதுங்கள்.

பேரூராட்சி, நகராட்சிப் பக்கம் என்றால் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று மாநில அரசுடையது ஒன்று உண்டு, எல்லா ஊரிலும் இல்லை, செயல் அலுவலரிடம் கேளுங்கள். நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சி ஆனது, அங்கே ஆணையரிடம் போக வேண்டும். சாக்கடை எங்கே ஆற்றில் விழுகிறதோ அந்த வாயைத் திருப்புவதற்கான பணத்தையும் இவர்களிடம்தான் கேட்க வேண்டும். அது நிற்காதவரை ஆகாயத்தாமரைக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே அதைப் பிடுங்குகிறோம் என்று அர்த்தம். இரண்டு மனுவையும் ஒன்றாகக் கொடுங்கள்.

எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருடத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. இரண்டுமே நிலைத்து நிற்கும் சொத்துக்கான பணம், வருடா வருடம் செடி வாருவதற்குத் தரமாட்டார்கள். அதனால் அங்கே போய் வேறு ஒன்றைக் கேளுங்கள்: ஆற்றில் பொக்லைனும் டெம்போவும் இறங்கிச் செல்லும் சாய்தளம், இடிந்த படித்துறை, கரைச் சுவர். சாய்தளம் ஒன்று இருந்துவிட்டால் ஒவ்வொரு வருடமும் வாடகைக்கு வரும் இயந்திரத்தின் நேரம் மிச்சமாகும், இயந்திரம் இறங்கக் கரையை வெட்டுவதும் நிற்கும். இதைக் கேட்கிறவர்கள் குறைவு, அதனாலேயே கிடைக்கவும் செய்யும் என்று நினைக்கிறேன்.

நமக்கு நாமே திட்டத்தில் ஊர்க்காரர்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். பொதுவாக மூன்றில் ஒரு பங்கு நம்முடையது, வேலையின் வகைக்கேற்ப மாறும், உங்கள் வேலைக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கோயில், சர்ச், பள்ளிவாசல் கமிட்டி, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் என்று பணம் திரட்டத் தெரிந்த ஊர்களுக்கு இது நல்ல வழி. கடனுக்கு வாங்கிப் பங்கு கட்டும் வேலை மட்டும் வேண்டாம்.

பெரிய பணம் நீர்வளத் துறைப் பராமரிப்பிலும் ஈரநிலப் பாதுகாப்பிலும்தான் இருக்கிறது. மத்திய அரசின் தேசிய நீர்வாழ் சூழலமைப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் 60 விழுக்காடு மத்திய அரசு, 40 விழுக்காடு மாநிலம். நாம் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, மாநில ஈரநில ஆணையம் வழியாகத்தான் போகும். தமிழ்நாடு ஈரநில இயக்கமும் 2022-இல் தொடங்கியது. அதனால் தேரூர், சுசீந்திரம், வேம்பனூர் பக்கத்துக்காரர்கள் மாவட்ட வன அலுவலரிடம் போய், குளத்துக்கான மேலாண்மைத் திட்டத்தில் வரத்துக் கால்வாயிலுள்ள செடியும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். குளத்தில் மட்டும் எடுத்துவிட்டு வரத்தில் விட்டால் தண்ணீர் திறந்த வாரத்திலேயே குளத்துக்குள் வந்துவிடும். அயல் தாவரங்களை அகற்றவும் சூழலை மீட்கவும் தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. அது முக்கியமாகக் காட்டுக்கானது, ஆனாலும் மனுவில் ஒரு வரி குறிப்பிடுவது நல்லது.

ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்க வேண்டும், 2002-ஆம் ஆண்டு சட்டம். அதன் தீர்மானம் ஒன்றை மனுவோடு இணைத்தால் கனம் கூடும்.

எப்போது கேட்பது

காலம் தவறினால் எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணித் தண்ணீர் ஜூனில் கன்னிப்பூ என்ற முதல் நெல் போகத்துக்குத் திறந்து, கும்பப்பூ என்ற இரண்டாம் போகம் முடிந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். மார்ச் முதல் மே வரைதான் சானல் வறண்டு கிடக்கும், ஆற்றிலும் தண்ணீர் குறையும். வேலை நடக்க வேண்டிய காலம் அதுதான். வலசைப் பறவைகளும் அந்நேரம் கிளம்பத் தொடங்கியிருக்கும். ஆனால் அரசின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. அதனால் பிப்ரவரியில் மனு கொடுத்தால் அந்த வருடப் பணம் தீர்ந்திருக்கும், புது வருடப் பணம் வந்து டெண்டர் முடியும்போது தண்ணீர் திறந்திருப்பார்கள். ஆகஸ்டு, செப்டம்பரிலேயே மனு போய்விட வேண்டும். அக்டோபருக்குள் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும், நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் டிசம்பருக்குள், டெண்டர் பிப்ரவரிக்குள்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் நடக்கும். ஆகஸ்ட் 15-தான் இதற்குச் சரியான நாள். தீர்மானம் எழுதும்போது கூடவே நின்று, இடத்தின் பெயர், சர்வே எண், நீளம் எல்லாம் அதில் ஏறுகிறதா என்று பாருங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பிலிருக்கும் ஊராட்சி என்றாலும் சபை கூட்டச் சொல்லிக் கேட்கலாம். மாதாமாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பேசினால் எல்லாத் துறையும் ஒரே அறையில் இருக்கும், யாருடைய இடம் என்ற தர்க்கத்தை அங்கேயே முடித்துவிடலாம். பாசன சபையில் இருப்பவர் எழுந்து பேசினால் இன்னும் நல்லது.

மனு எப்படி இருக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும். மாதிரிக்கு:

'எங்கள் ஊர் வழியாகச் செல்லும் சானலில், மேல்மடை முதல் பாலம் வரை 600 மீட்டர் நீளத்துக்கு ஆகாயத்தாமரை அடர்ந்துள்ளது. இதனால் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் சென்று சேரவில்லை. மழைக்காலத்தில் பாலத்தில் செடி அடைத்துக் குடியிருப்புக்குள் தண்ணீர் புகுகிறது. தண்ணீர் அடைக்கும் காலத்தில் இதனை வேரோடு அகற்றி, உலர்த்தி, இணைப்பில் கண்ட இடத்துக்குக் கொண்டுசெல்லவும், அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் முளைப்பதை அகற்றவும், பாலத்துக்கு மேல்பக்கம் மிதவைத் தடுப்பு அமைக்கவும் மதிப்பீடு தயாரித்து நிதி ஒதுக்க வேண்டுகிறோம்.'

இணைப்பில் புலப்பட நகல், அளவுக் கணக்கு, தேதியோடு படங்கள், தீர்மான நகல், நில உரிமையாளர் சம்மதம். கடைமடை வயல்காரர்கள் கையெழுத்து கட்டாயம். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் பதிவு எண் தருவார்கள், அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள். 1100 எண்ணிலும் பதியலாம். அசைவே இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது, மதிப்பீடு போட்டாயிற்றா, எந்தத் தலைப்பில் என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கோபமாக எழுத வேண்டாம், நாளைக்கு அதே உதவிப் பொறியாளரோடுதான் ஆற்றில் நிற்கப் போகிறோம்.

களைக்கொல்லி அடித்தால் மலிவு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தண்ணீரில் குளிக்கிறோம், குடிநீர்க் கிணறும் பக்கத்தில் இருக்கும், செத்த செடி அடியில் அழுகி மீனையும் கொல்லும். ஆகாயத்தாமரையைத் தின்னும் கூன்வண்டுகளை 1980-களில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள், அது மெதுவான வழி, அடிக்கடி தண்ணீர் திறந்து அடைக்கும் நம்ம சானலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

வேலை தொடங்கிய பிறகு

மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கமாக எடுக்கச் சொல்லுங்கள், கீழே முடித்துவிட்டு மேலே வந்தால் உடைந்த செடி மிதந்து போய் முடித்த இடத்தில் ஒட்டும். வேலை நடக்கும் இடத்துக்குக் கீழே ஒரு கயிற்றுத் தடுப்பு கட்டினால் தப்பும் துண்டுகள் அதில் நிற்கும். தினமும் எத்தனை லோடு போனது என்று ஊரிலிருந்து ஒருவர் எழுதி வையுங்கள், தேதி, வண்டி எண், கொட்டிய இடம். பில் போவதற்கு முன், முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் என்ன ஏறியிருக்கிறது என்று கேட்டு உங்கள் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். கரையிலேயே விட்டுப்போன செடிக்குப் பணம் போகாமல் பார்த்துக்கொள்வது ஊரின் பொறுப்பும்தான்.

கண்காணிப்பு வேலைக்கு ஆள் வைக்கும்போது மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். செடி சின்னதாக இருக்கும்போது கையால் எடுத்துவிடலாம், தோணியும் ஒரு கொக்கியும் போதும், பொக்லைன் ஒரு நாள் வாடகைக்கு ஆகும் பணத்தில் பல மாதம் ஓடும். முதல் வருட வேலை முடிந்த கையோடு படங்களையும் லோடுக் கணக்கையும் சேர்த்து இரண்டாம் வருடப் பணத்துக்கான கடிதத்தை அந்த ஜூலையிலேயே கொடுத்துவிடுங்கள், ஆகஸ்ட் சபையில் அதையே தீர்மானமாக வையுங்கள்.